சதுரங்கப் பலகைக்குள் ஏழு பகா எண்கள்

அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலுக்குப் போனவர்கள் பால்பாயசம் குடித்ததோடு அதன் கதையையும் கேட்டுவிட்டுத்தான் திரும்பியிருப்பார்கள். சதுரங்கப் பித்துப் பிடித்த ராஜா, அவரோடு ஆட வந்த முனிவர், பந்தயமாக வெறும் அரிசி. முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு, மூன்றாம் கட்டத்துக்கு நான்கு என்று 64 கட்டம்வரை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். ராஜா தோற்கிறார், களஞ்சியம் காலியாகிறது, வந்தவர் கண்ணன் என்று தெரிகிறது. கடனைப் பாயசமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள் என்று வரமும் கிடைக்கிறது. அரபு, பாரசீக மரபில் வரும் கதையில் முனிவரின் இடத்தில் சதுரங்கத்தை உருவாக்கிய சிஸ்ஸா நிற்கிறார். அரிசிக்குப் பதில் கோதுமை. பாயசம் மட்டும் கிடையாது.

தானியம் எதுவானாலும் மொத்தக் கணக்கு ஒன்றுதான்: 1,84,46,74,40,73,70,95,51,615. இருபது இலக்கம். வாயால் சொல்வதானால் ஒரு லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி, அதற்கு மேல் சில்லறை.

எவ்வளவு பெரிது என்பதை ஒரே கணக்கில் முடித்துவிடலாம். ஆயிரம் அரிசி 20 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோவுக்கு 50,000 மணி. அப்படியானால் ராஜா தர வேண்டியது சுமார் 36,900 கோடி டன். உலகம் முழுவதும் இன்று ஆண்டுக்கு 50 கோடி டன்னுக்குச் சற்று மேல் அரிசி விளைகிறது. கிட்டத்தட்ட 700 ஆண்டு உலக விளைச்சலை அப்படியே அள்ளிக் கொடுத்தால் கடன் தீரும்.

கதை சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த மலைப்போடு நிறுத்திவிடுகிறார்கள். பேராசை, பெருக்கம், வட்டிக்கு வட்டி என்று உபதேசத்துக்கும் போய்விடுவார்கள். பெரிய எண் என்பது ஒரு பெருமையே அல்ல. எந்த எண்ணோடும் ஒன்றைக் கூட்டினால் அதைவிடப் பெரியது வந்துவிடும். இந்த எண்ணின் அருமை அதன் பருமனில் இல்லை, வயிற்றுக்குள் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் கணிதர்களில் ஃபெர்மாவின் சறுக்கல், ஆய்லரின் கூர்மை, பத்தொன்பது வயதுகூட நிரம்பாத காஸ் எட்டிய உச்சம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வருகின்றன.

முதலில் எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கலாம். இரண்டு கட்டத்து மொத்தம் 3, மூன்று கட்டத்து மொத்தம் 7, நான்கு கட்டத்துக்கு 15. ஒவ்வொரு முறையும் மொத்தம் அடுத்த கட்டத்துக்கு உரியதைவிட ஒன்று குறைவு. ஆகவே 64 கட்டத்து மொத்தம், இல்லாத 65-ஆம் கட்டத்துக்கு உரியதில் ஒன்று குறைவு. அதாவது 2⁶⁴ − 1. இதைக் காகிதத்தில் கணக்கிட 64 முறை இரட்டிக்க வேண்டியதில்லை. கஜினி மாமூது காலத்தில் இந்தியாவைப் பற்றி விரிவாக எழுதிய அறிஞர் அல்பிரூனி, சுமார் 1000-ஆம் ஆண்டில் எழுதிய காலக்கணிப்பு நூலில் இந்த எண்ணைக் கடைசி இலக்கம்வரை பிசகாமல் தந்திருக்கிறார். அவர் வழியின் சாரம் வர்க்கம் எடுப்பது. 2-ன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, பிறகு 256, பிறகு 65,536, பிறகு 429,49,67,296. இன்னொரு முறை வர்க்கம் எடுத்தால் 2⁶⁴ வந்து நிற்கும். ஆறே பெருக்கல். இன்று எக்செல்லில் அதே 2⁶⁴ஐக் கேட்டால் முதல் 15 இலக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மிச்சத்தைப் பூஜ்யமாக நிரப்பிவிடும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய விடைதான் துல்லியமாக இருக்கிறது.

அதே வர்க்கம்தான் எண்ணை உடைக்கும் சாவியும். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் அவற்றின் மூலங்களைக் கூட்டி வந்ததையும் கழித்து வந்ததையும் பெருக்கிக்கொள்ளலாம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். 2⁶⁴ என்பது 2³²-ன் வர்க்கம். 1 என்பது 1-ன் வர்க்கம். எனவே 2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1). இரண்டாவது அடைப்பிலும் மறுபடி வர்க்கங்களின் வித்தியாசமே இருக்கிறது, அதையும் பிரிக்கலாம். இப்படிக் கடைசிவரை போனால் கிடைப்பது:

429,49,67,297 × 65,537 × 257 × 17 × 5 × 3.

இருபது இலக்க எண் ஒன்றைக் காரணிப்படுத்து என்றால் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கத் திணறலாம். இதுவோ நான்கு வரியில் ஆறு துண்டாக விழுந்துவிடுகிறது. இந்த ஆறு துண்டுகளும் ஏதோ கிடைத்த எண்கள் அல்ல.

பிரான்ஸில் துலூஸ் நகர நீதிமன்றப் பதவி வகித்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் கணிதம் பார்த்தவர் பியர் த ஃபெர்மா. 1640-இல் அவர் கண்ணில் பட்ட வரிசைதான் இது: 3, 5, 17, 257, 65537. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து, வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது. ஐந்தும் பகா எண்கள். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. இந்த வரிசை இப்படியே பகா எண்களாகப் போய்க்கொண்டிருக்கும் என்று ஃபெர்மா நண்பர்களுக்கு எழுதினார். நிரூபணம் தன் கையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அவர் வரிசையில் ஆறாவதாக வருவதுதான் 429,49,67,297.

தொண்ணூறு ஆண்டு யாரும் அதை அசைத்துப் பார்க்கவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதர் ஒரு கடிதத்தின் வாலில், ஃபெர்மா இப்படிச் சொன்னாரே, கவனித்தீர்களா என்று இளம் ஆய்லரிடம் கேட்டுவைத்தார். 1732-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த 25 வயது ஆய்லர் பதில் வைத்திருந்தார்: 429,49,67,297 = 641 × 67,00,417. ஃபெர்மாவின் ஆறாவது எண் பகா எண் அல்ல.

பத்து இலக்க எண்ணுக்கு 641 என்ற காரணியை எப்படிக் கண்டுபிடிப்பது? 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு வந்தால் 641க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்கள் குறுக்கே நிற்கின்றன. ஆனால் இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்று ஆய்லர் பின்னாளில் நிரூபணத்தோடு எழுதினார். அந்தச் சல்லடையில் தேறுபவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகும். இவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் மீன் மாட்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சல்லடையைச் செய்யத் தேவையான தேற்றம் ஃபெர்மாவுடையதே. அதையும் அவர் அதே 1640-இல்தான் எழுதினார். சொந்த ஆயுதத்தைச் சொந்த எண் மீது பிரயோகிக்க அவருக்குத் தோன்றவில்லை, அல்லது பிரயோகித்துக் கூட்டல் கழித்தலில் எங்கோ வழுக்கிவிட்டார்.

வகுக்கவே வகுக்காமல் 641-ஐச் சரிபார்க்கப் பின்னால் வந்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். காகிதம் எடுத்துக்கொண்டு கூடவே வந்தால் இரண்டு நிமிடம். 640 என்பது 5 × 128, அதாவது 5 × 2⁷. இது 641-க்கு ஒன்று குறைவு. எனவே 641-ஆல் வகுத்தால் மீதியை −1 என்று சொல்லலாம். இதை நான்கு முறை தன்னோடு பெருக்கினால் −1 என்பது 1 ஆகிவிடும்: 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இன்னொரு பக்கம், 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே மீதிக் கணக்கில் 5⁴ வரும் இடத்தில் −2⁴ என்று போட்டுக்கொள்ளலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1. குறியை மாற்றினால் 2³²-க்கு மீதி −1. ஒன்றைக் கூட்டுங்கள், மீதி பூஜ்யம். 2³² + 1 என்ற 429 கோடிச் சொச்சம் 641-ஆல் வகுபடுகிறது என்பதை ஒரு நீள் வகுத்தல்கூடப் போடாமல் காட்டியாயிற்று.

67,00,417 மேலும் உடையாது, அதுவும் பகா எண்தான். ஆகவே அம்பலப்புழை ராஜாவின் கடனை முழுதாகப் பிரித்தால் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்று ஏழு பகா எண்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. இவற்றை விதவிதமாகச் சேர்த்துப் பெருக்கினால் மொத்தம் 128 காரணிகள் கிடைக்கும். ஏழு பேரோ ஐந்து பேரோ பதினேழு பேரோ இந்தத் தானியத்தைப் பங்கு போட உட்கார்ந்தால், ஏழு பேருக்கு மட்டும் சரிசமமாக வராது.

இப்போது பலகையின் சரிபாதியில் நின்று பார்க்கலாம். 32 கட்டம் நிரம்பியபோது மொத்தம் 2³² − 1, அதாவது 429,49,67,295 மணி. அரிசியாகப் பார்த்தால் ஏறக்குறைய 86 டன். ஓரளவு பெரிய ஆலைக்கு இது ஒரு விஷயமே இல்லை. ராஜா அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். ஆனால் இந்த எண் 3 × 5 × 17 × 257 × 65537. அதாவது ஃபெர்மாவின் ஐந்து பகா எண்களையும் ஒன்றாகப் பெருக்கியது. வடிவியலில் இதற்கு ஒரு தனி இடம் இருக்கிறது.

அளவுகோலும் காம்பஸும் மட்டும் வைத்துக்கொண்டு, கோணமானியைத் தொடாமல், எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான பலகோணம் வரைய முடியுமா என்பது பழைய கிரேக்க விளையாட்டு. முக்கோணமும் ஐங்கோணமும் அவர்களுக்குக் கைவந்தன. இரண்டையும் சேர்த்துப் பதினைந்து பக்கமும் வந்தது. ஏழு வரவில்லை, ஒன்பது வரவில்லை. இரண்டாயிரம் ஆண்டு அப்படியே கிடந்தது. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தபோது, கார்ல் ஃபிரெடரிக் காஸ் 17 பக்கம் வரைய முடியும் என்று கண்டுகொண்டார். அவருடைய கணித நாட்குறிப்பின் முதல் பதிவே இதுதான். மொழியியல் படிப்பதா கணிதமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பிறந்த பிரவுன்ஷ்வைக் நகரில் இருக்கும் சிலையின் பீடத்தில் 17 முனை நட்சத்திரம் ஒன்றைப் பொறித்திருக்கிறார்கள்.

பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருந்தால் மட்டுமே வரைய முடியும் என்பது விதி. ‘மட்டுமே’ என்ற பகுதியை 1837-இல் வான்ட்செல் என்ற கணிதர் நிரூபித்து முடித்தார். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். அவற்றை ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் என்று ஐந்துவரை சேர்த்தால் 31 விதம். இந்த 31-இல் ஆகப் பெரியது, ஐந்தையும் சேர்த்த 429,49,67,295. ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரையக்கூடியதாக உலகத்துக்குத் தெரிந்த மிகப் பெரிய பலகோணத்தின் பக்கங்கள் எத்தனையோ, அத்தனை அரிசி பாதிப் பலகையில் கிடக்கிறது.

யாரும் அதை வரைந்ததில்லை. வரைந்தாலும் வட்டம் போலத்தான் தெரியும். ஆனால் ஜெர்மானியர் சிலர் பாதி தூரம் போய்ப் பார்த்தார்கள். 257 பக்கத்துக்கான வழியை 1832-இல் ரிஷெலோ வெளியிட்டார். 65,537 பக்கத்துக்கு யோஹான் குஸ்தாவ் ஹெர்மெஸ் ஏறக்குறைய பத்து ஆண்டு உட்கார்ந்து, 1894-இல் 200 பக்கத்துக்கும் மேலான கையெழுத்துப் பிரதியை முடித்தார். அது ஒரு பெட்டியில் வைத்து கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இப்படியும் ஒரு தவம்.

அந்த 31 எண்களையும் கண்டுபிடிக்க நம் பக்கத்தில் ஒரு எளிய வழி இருக்கிறது. பிங்கலரின் சந்த நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் எழுதிய உரையில் மேரு பிரஸ்தாரம் என்ற எண் அடுக்கு வருகிறது. பள்ளிப் புத்தகத்தில் பாஸ்கல் முக்கோணம் என்று படித்திருப்போம். உச்சியில் 1, அடுத்து 1 1, அடுத்து 1 2 1, பிறகு 1 3 3 1, பிறகு 1 4 6 4 1. இதில் ஒற்றைப்படைக்கு 1, இரட்டைப்படைக்கு 0 என்று மாற்றி எழுதுங்கள்: 1, 11, 101, 1111, 10001. இவற்றைக் கணினிக்காரர்களின் இரும எண்களாகப் படித்தால் 1, 3, 5, 15, 17. அடுத்த வரி 51, அதற்கடுத்து 85, 255, 257. முதல் வரியை விட்டுவிட்டால், வரைய முடிகிற ஒற்றைப்படைப் பலகோணங்கள் எல்லாம் வரிசை தப்பாமல் வருகின்றன. 32-ஆம் வரி முழுக்க 1-ஆக இருக்கும், அதுதான் 429,49,67,295. 33-ஆம் வரியில் 429,49,67,297 வரும்போது, ஃபெர்மா சறுக்கிய அதே இடத்தில், இந்த ஒழுங்கும் முறிந்துவிடுகிறது.

பலகையில் ஒவ்வொரு கட்டமாக நின்று அதுவரை சேர்ந்த மொத்தத்தைப் பார்த்துக்கொண்டே போனாலும் சுவாரசியம் குறையாது. மொத்தம் பகா எண்ணாக வருவது ஒன்பதே கட்டங்களில்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61. அந்த இடங்களில் கட்டத்தில் இருக்கும் மணிகளை மொத்தத்தால் பெருக்கினால் ‘நிறைவெண்’ கிடைக்கும். தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வந்துவிடுகிற அபூர்வ எண். இரண்டாம் கட்டத்தில் 2 × 3 = 6 (1 + 2 + 3). மூன்றாம் கட்டத்தில் 4 × 7 = 28. ஐந்தில் 496, ஏழில் 8128. யூக்ளிடுக்கே தெரிந்த விஷயம் இது.

31-ஆம் கட்டத்து மொத்தமான 214,74,83,647 பகா எண் என்று 1772-இல் காட்டியவரும் ஆய்லர்தான். 61-ஆம் கட்டத்தின் கதை வேறு. எந்த அடுக்குகளில் இப்படிப் பகா எண் வரும் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதில் 67 இருந்தது, 61 இல்லை. இரண்டும் பிழை. 61-ஐ 1883-இல் நிரூபித்தவர் ரஷ்யாவின் யூரல் பகுதியில் பாதிரியாராக இருந்த இவான் பெர்வூஷின். பூசை நேரம் போகக் கையாலேயே போட்ட கணக்கு. விடை 19 இலக்க பகா எண்.

அதே 1883-இல் பாரிஸில் எதுவார் லூகாஸ் ஒரு மர விளையாட்டுச் சாமானை விற்பனைக்கு விட்டார். மூன்று குச்சி, அளவு குறைந்துகொண்டே போகும் வட்டுகள். ‘ஹனோய் கோபுரம்’ என்று இன்றும் கடைகளில் கிடைக்கிறது. காசிக் கோயிலில் 64 தங்க வட்டுகளைப் பிராமணர்கள் இரவு பகலாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்று ஒரு கதையும் அதனுடன் ஒட்டிக்கொண்டது. காசியில் அப்படி ஒரு கோயிலைத் தேடிப் போக வேண்டாம். ஆனால் கணக்கு நிஜம்: 64 வட்டுக்குத் தேவையான நகர்வுகள் அதே 2⁶⁴ − 1. நொடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,500 கோடி ஆண்டு. பிரபஞ்சத்துக்கு இதுவரை ஆன வயது 1,380 கோடிதான்.

இன்று இந்த எண் புத்தகத்தில் இருப்பதைவிட அதிகமாகச் சட்டைப் பையில் இருக்கிறது. 64 பிட் கணினியும் கைப்பேசியும் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய முழு எண் 2⁶⁴ − 1. குறைக் குறிக்கு ஓர் இடம் ஒதுக்கினால் அது 63 கட்டத்து மொத்தமாகச் சுருங்கும். 2014 டிசம்பரில் ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டின் பார்வைக் கணக்கு 214 கோடியைத் தாண்டியபோது யூடியூப் தன் எண்ணியை 31 கட்டத்திலிருந்து 63 கட்டத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. பழைய கணினிகளில் நேரமும் அதே 31 கட்டத்து மொத்தத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 1970 தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் நொடிகள் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு, அந்த வரம்பைத் தொடும். அதற்குள் மாற்றப்படாத கருவிகள் அடுத்த நொடியில் 1901-க்குத் தாவிவிடும்.

ஏழு காரணிகளில் ஒன்றான 65,537க்கும் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. ஆர்.எஸ்.ஏ. என்ற குறியாக்க முறையில் இயங்கும் இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்களில் பெரும்பாலானவற்றில், எல்லோருக்கும் தெரிய வைக்கும் சாவியின் ஒரு பகுதி இந்த எண்தான். இரும வடிவில் இதில் இரண்டே இரண்டு 1, நடுவில் பதினைந்து 0. அதனால் ஒரு எண்ணை 65,537 அடுக்குக்கு உயர்த்த 16 முறை வர்க்கமும் ஒரு பெருக்கலும் போதும். அல்பிரூனி சதுரங்கத்துக்குச் செய்த வேலைதான்.

சதுரங்க எண்ணுக்கு இரண்டு எண் தள்ளி இருப்பது 2⁶⁴ + 1, ஃபெர்மா வரிசையின் ஏழாவது. அதையும் உடைத்தாயிற்று: 2,74,177 × 67280421310721. 1880-இல் இதை வெளியிட்ட ஃபார்ச்சூன் லாண்ட்ரிக்கு அப்போது 82 வயது. அவருக்கு முன்பே 1855-இல் தாமஸ் கிளாசென் காஸுக்கு எழுதிய கடிதத்தில் அதே விடை இருந்தது பிற்பாடுதான் தெரிய வந்தது.

65,537க்குப் பிறகு வரிசையில் அடுத்தடுத்து வரும் 28 எண்களும் பகா எண்கள் அல்ல என்று இன்று உறுதியாகிவிட்டது. அவற்றில் இரண்டு எண்கள் உடையும் என்பது மட்டும் தெரியும், எதனால் உடையும் என்று ஒரு காரணிகூடத் தெரியாது. 29-ஆவதாக வருவது, 2-ஐ 858 கோடிக்கும் மேற்பட்ட முறை பெருக்கி ஒன்று கூட்டிய எண். எழுதினால் சுமார் 258 கோடி இலக்கம். அது பகா எண்ணா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆறாவது ஃபெர்மா பகா எண் கிடையவே கிடையாது என்பதுதான் கணிதக்காரர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கை. நிரூபணம் யாரிடமும் இல்லை.